உப்புத் தண்ணீரில் மிதந்த மாலை

“அஸ்ஸலாமு அலைக்கும். நான் ஜெமீல். மருதமுனை மீராசாஹிபுட மகன். வயசு இருபத்துநாலு. இப்ப குவைத்தில, வேல செய்யிற கடைக்குப் பின்னால உள்ள அறைக்குள்ள இருந்து கதைக்கன்.”

அவ்வளவு சொல்லிவிட்டு ஜெமீல் பொத்தானை அமுக்கி நிறுத்தினான். பெயர், வயது, இருக்கிற இடம் மூன்றையும் சொல்லித்தான் அவன் எந்தக் கெசட்டையும் தொடங்குவான். வழியில் தவறி வேறு யார் கையிலாவது அகப்பட்டால் இன்னாருடையது என்று தெரியாமல் போய்விடுமே என்று பயம். உம்மாவுக்கு எழுத்து வராது. கெசட் போனால் வீடே கூடியிருந்து கேட்கும். அதனால்தான் காலையில் இருந்து பேசுவதும் அழிப்பதுமாக இருந்தான். சலாம் சொல்லி இரண்டு வசனம் தாண்டுவதற்குள் வாயில் தூஷணம் வந்துவிடுகிறது. உம்மா கேட்கிற கெசட்டில் அதை வைக்க முடியுமா?

பகல் சாப்பாட்டுக்காகக் கடைக்காரர் முன்கதவைப் பூட்டிக்கொண்டு போயிருந்தார். அறைக்குள் கடைசல் இயந்திரமும் அதைச் சுற்றி மஞ்சள் தூளும் கிடந்தன. ஜெமீலின் வேலை அம்பர்க் கல்லை உருட்டித் துளைத்து மணியாக்குவது. எந்தக் காலத்திலோ மரத்தில் வடிந்த பிசின், மண்ணுக்குள் கிடந்து கிடந்து கல்லாகிப் போனதுதான் அம்பர். கடைசலில் சூடேறினால் இன்றைக்கும் பிசினாகத்தான் மணக்கும். அந்த மணம் அவன் சட்டையில் இருக்கிறது, தலைமுடியில் இருக்கிறது, தின்கிற சோற்றில்கூட இருக்கிறது. கண்ணைக் கட்டிவிட்டாலும் அசலையும் போலியையும் அவன் பிரித்து வைப்பான். அவனைத்தான் ஊரில் இப்போது ‘பதர் மாப்பிள்ளை’ என்கிறார்கள்.

கடைசியாக வந்த கெசட்டில் உம்மா அழுகையை விழுங்கி விழுங்கிச் சொல்லியிருந்தாள்: “தறிக்கு நூல் வாங்கப் போனா, ‘மிதக்கிற மாப்பிள்ளட உம்மா வாறா, வழி உடுங்கடி’ எண்டு சிரிக்காளுகள் மனே. நான் இப்ப அந்தப் பக்கம் போறல்ல.”

அதைக் கேட்ட நாளில் இருந்து அவனுக்குக் காது இரண்டும் கொதித்தபடியே இருக்கின்றன.

நடந்தது எண்பத்தோராம் வருடம் ஐப்பசியில், அவன் லீவில் ஊருக்குப் போயிருந்தபோது.

கல்முனைக்குடி சீனிமுகம்மதுவின் மகள் நதீராவை அவனுக்குப் பேசி முடித்து வைத்திருந்தார்கள். அந்த லீவிலேயே நிக்காஹ். சீனிமுகம்மது நெல்லுக்காரர், ஊரார் வாயில் ‘போடியார்’. சம்மாந்துறைப் பக்கம் வயல், வீட்டில் சேமிப்புப் பட்டறை நிறைய நெல். ஜெமீல் வீட்டில் தறியைத் தவிர வேறொன்றும் இல்லை. நெல் என்றால் அவனுக்குச் சோறு. அதற்கு மேல் அதைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது.

பெண்ணுக்கென்று அவன் கொண்டுபோனது ஓர் அம்பர் மாலை. கடையில் மிஞ்சுகிற துண்டுகளைக் கேட்டு வாங்கி, வேலை முடிந்த நேரங்களில் தானே உருட்டித் துளைத்து, பட்டுநூலில் கோர்த்தது. கொளுக்கிகூட இல்லை, நூல் முடிச்சுத்தான். தேன் நிறம். ஒரு மணிக்குள் எறும்பொன்றின் கால் மட்டும் தனியாகக் கிடந்தது. அதைப் பார்த்து நதீரா, “மத்தக் காலெல்லாம் எங்க போச்சுதாம்?” என்று உம்மாவிடம் கேட்டனுப்பினாளாம். உம்மா வந்து சொன்னபோது ஜெமீலுக்கு அன்று முழுக்கச் சிரிப்பு அடங்கவில்லை.

வம்பைத் தொடக்கியவர் சீனிமுகம்மதுவின் அக்கா ஸாலிஹா. ஹஜ்ஜுக்குப் போய்வந்தவர் என்பதால் ஊருக்கே அவர் ஹாஜியானி. அவர் கழுத்திலும் தேன்நிற மாலை ஒன்று கிடந்தது. மக்காவில் வாங்கியது. அம்பர் என்று சொல்லித்தான் கொடுத்திருந்தார்கள். நல்ல பாரம். நதீராவின் மாலையை ஒரு கையிலும் தன்னுடையதை மறு கையிலும் வைத்துத் தூக்கிப் பார்த்தவர், “இதென்ன புள்ள, பஞ்சு மாதிரி இரிக்கி. சீப்புச் செய்யிற பிளாஸ்டிக்குச் சாமானில்லயா இது?” என்று கேட்டுவிட்டார். கேட்டதோடு நிற்காமல் தம்பியின் காதிலும் போட்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு வரச்சொல்லி ஆள் வந்தது. ஜெமீலும் உம்மா சல்மாவும் போனபோது சீனிமுகம்மதுவின் வீட்டைச் சுற்றிய வளவில் வேலை மும்முரமாக இருந்தது. பெரும்போக விதைப்பு நெருங்கிவிட்ட சமயம். கலியாணச் சோறு ஆக்குகிற பெரிய கிடாரம் நிறைய உப்புத் தண்ணீர். அதில் ஒரு கோழிமுட்டை மிதந்துகொண்டிருந்தது. முட்டை மிதக்கும் அளவுக்கு உப்புக் கரைத்தால் பதம் சரி. அந்தத் தண்ணீரில் விதைநெல்லைக் கொட்டினால் நிறைந்த மணி தாழும், உள்ளே ஒன்றுமில்லாத பதர் மேலே வந்து மிதக்கும். மிதப்பதை வாரி வீசிவிட்டு, தாழ்ந்ததைக் கழுவி விதைப்பார்கள். ஆலையடிவேம்பைச் சேர்ந்த கந்தப்போடி, சீனிமுகம்மதுவின் வயல்களைப் பார்த்துக்கொள்கிறவர், கிடாரத்தின் பக்கத்தில் குந்தியிருந்து அரிதட்டால் பதரை வாரி வாரித் தோளுக்கு மேலால் பின்னே வீசிக்கொண்டிருந்தார்.

இந்த விவரமெல்லாம் ஜெமீலுக்குப் பிறகு தெரிந்ததுதான். அன்றைக்கு அவன் கண்ணில் பட்டது உப்புத் தண்ணீர் மட்டும்.

“வாங்க மருமகன்,” என்றார் சீனிமுகம்மது. “ராத்தாக்கு ஒரு சின்னச் சந்தேகம். கேட்டுக் கோவிக்கப்படா.”

“கேளுங்க மாமா.”

ஸாலிஹா வாசலில் கதிரை போட்டு அமர்ந்திருந்தார். “நான் ஒண்டும் கேக்கல்ல. கையில எடுத்தாத் தெரியுது. மக்கத்து மாலை எவ்வளவு பாரம், இது எவ்வளவு பாரம்? ரெண்டும் ஒரே சாமான் எண்டா, ஒண்டு மட்டும் எப்பிடிப் பறக்கும்?”

“அம்பர் பாரமில்லாத சாமான்தான் மாமி.”

“ஓம் ஓம். நாளைக்குத் தங்கமும் பாரமில்லாததுதான் எண்டு சொல்லுவீங்க.”

கந்தப்போடி அரிதட்டை நிறுத்தாமலே சொன்னார்: “தம்பி அத காத்தில பறக்க உடாமக் கொண்டு வந்து சேத்ததே பெரிய காரியம் ஹாஜியானி.”

எல்லாரும் சிரித்தார்கள். ஜெமீலும் சிரித்தான். அவனுக்கு என்ன பயம்? “இதுக்கேன் இவ்வளவு கத மாமா? உப்புத் தண்ணிதான் முன்னுக்கு இரிக்கே. அதுல போட்டா அசலா போலியா எண்டு அதுவே சொல்லும்.”

சீனிமுகம்மதுவின் முகம் தெளிந்தது. “நீங்களே சொல்றீங்களா?”

“ஓம், நானேதான் சொல்றன்.”

“பேந்து கத மாறப்படா.”

“மாறினா நான் மீராசாஹிபுட மகனில்ல.”

தண்ணீர் என்ன சொல்லும் என்று ஒருவரை ஒருவர் கேட்கவில்லை. இரண்டு பேருக்குமே விடை தெரிந்திருந்தது, கேட்பதற்கு என்ன இருக்கிறது?

உள்ளே கதவுக்குப் பின்னால் நின்ற நதீரா மாலையைக் கழற்றிக் கொடுத்தாள். சீனிமுகம்மது அதை வாங்கிக் கிடாரத்தில் போட்டார். போட்ட வேகத்தில் உள்ளே போன மாலை, ஒரு குலுக்கலோடு மேலே வந்து பதருக்கு நடுவே வட்டமாக மிதந்தது.

“பாத்தீங்களா மாமா,” என்றான் ஜெமீல், பல் எல்லாம் தெரிய.

கந்தப்போடியின் கை பழக்கத்தில் நீண்டது. அரிதட்டு மாலையைப் பதரோடு பதராக வாரித் தோளுக்கு மேலால் பின்னே வீசியது. ஈரப் பதர்க் குவியலில் மாலை போய் விழுந்தது. கோழிகள் ஓடி வந்து கொத்தின.

அப்போதுதான் ஸாலிஹா சிரிக்கத் தொடங்கினார். அதற்குப் பிறகு வளவே சிரித்தது.

“மாமா, மிதந்தாத்தான் அசல்,” என்றான் ஜெமீல். சிரிப்பில் அவன் குரல் எடுபடவில்லை. மறுபடியும் சொன்னான்: “அம்பர் உப்புத் தண்ணில மிதக்கும். பொய்ச் சாமான்தான் தாழும். குவைத்தில நாங்க இப்பிடித்தான் பாக்கிற.”

சீனிமுகம்மது சிரிப்பை நிறுத்தி அவனை ஏறிட்டுப் பார்த்தார். “மருமகன், வாப்பாட காலத்தில இருந்து நான் இந்தக் கிடாரத்துக்குப் பக்கத்தில நிக்கிறன். மிதக்கிறத விதைச்சவனையும் காணல்ல, தாழுறத வீசினவனையும் காணல்ல.”

“நெல்லு வேற மாமா, இது வேற.”

“உப்புத் தண்ணி ஒண்டுதானே.”

“அந்தப் பக்கம் கடல் தலகீழாக் கிடக்குதோ தம்பி?” என்றார் கந்தப்போடி.

சல்மா உம்மா முன்னால் வந்து, அண்ணனை அழைப்பதுபோல் சீனிமுகம்மதுவை அழைத்தாள். “காக்கா, எண்ட புள்ளைக்குப் பொய் சொல்ற பழக்கமில்ல. அவன் அதுக்குள்ளேயே வேல செய்யிறவன்.”

“உங்கட புள்ளையக் குற சொல்லல்ல தங்கச்சி. அவனுக்கு வித்தவன் ஏமாத்தி இரிப்பான்.”

“எனக்கு ஒருத்தனும் விக்கல்ல,” என்றான் ஜெமீல். “நானே செஞ்சது.”

அதற்குள் ஸாலிஹா எழுந்து வந்து தன் மாலையைக் கழற்றிக் கிடாரத்துக்குள் விட்டார். அது கல்லைப் போலப் போய் அடியில் உட்கார்ந்தது. “பாத்துக்கங்க எல்லாரும். மக்கத்துச் சாமான். அசைஞ்சிச்சா?”

ஜெமீல் அந்த மாலையை முதல் நாளே பார்த்திருந்தான். பார்த்தவுடனே என்னவென்று தெரிந்தும், பெரிய மனுசி, ஹஜ்ஜில் வாங்கி ஆசையாகப் போட்டிருக்கிறார் என்று வாயை மூடிக்கொண்டு இருந்தான். இப்போது அந்தப் பொறுமை போய்விட்டது. கோழி கொத்துகிற சத்தம் பின்னால் கேட்டுக்கொண்டே இருந்தது.

“தாழ்ந்ததுதான் பொய் மாமி. கரண்டு சுவிச்சுச் செய்யிற பேக்லைட்டுச் சாமான் அது. உங்களுக்குத்தான் ஏமாத்தி வித்திரிக்கான்.”

கந்தப்போடியின் அரிதட்டு நின்றது.

“என்ன சொன்ன?” என்றார் சீனிமுகம்மது. ‘நீங்க’, ‘மருமகன்’ என்ற மரியாதையெல்லாம் அந்த நொடியோடு போய்விட்டது. “மக்கத்துப் பொருளப் பொய்யெண்டா சொன்ன?”

“மக்கத்தச் சொல்லல்ல மாமா. வித்தவனச் சொன்னன். ஊசியச் சுட்டு ரெண்டு மாலையிலயும் குத்திப் பாருங்க. எண்டது பிசின் மணக்கும். இது—”

“போதும். உப்புத் தண்ணியச் சாட்சிக்குக் கூப்பிட்டது நீ. சாட்சி சொல்லி முடிஞ்சி. தோத்தவன் வேற சாட்சி தேடப்படா.” அவர் குரல் உயரவில்லை, அதுதான் ஜெமீலுக்கு இன்னும் எரிந்தது. “மணியில பதர் எண்டாப் பொறுத்திரிப்பன். வாயிலயும் பதர். தங்கச்சி, இந்த நிக்காஹ் இல்ல. பள்ளிவாசல்ல நானே சொல்லிப்போடுறன்.”

சல்மா உம்மா அழத் தொடங்கினாள். “காக்கா, பொடியன் தெரியாமச் சொல்லிட்டான். ராத்தா, நான் உங்கட கையப் புடிச்சிக் கேக்கன்.”

“உம்மா, நீங்க ஏன் கேக்கிறீங்க?” ஜெமீல் உம்மாவின் கையைப் பிடித்து இழுத்தான். “நான் தெரியாமச் சொல்லல்ல. தெரிஞ்சுதான் சொன்னன்.”

பள்ளிவாசலில் அந்திநேர மஃரிபுத் தொழுகைக்கு வாங்கு சொன்னார்கள். சீனிமுகம்மது தோள் துண்டால் முகத்தைத் துடைத்தார். பேச்சு முடிந்தது என்பதுபோல் திரும்பினார். அந்த நேரத்தில் வீட்டுக்குள் இருந்து நதீரா வந்தாள். தலையில் முக்காடு, கையில் சாம்பிராணிச் சட்டி. வெள்ளிக்கிழமை மஃரிபு என்றால் சட்டியில் தணல் எடுத்து வீடு முழுக்கப் புகை காட்டுவது அந்த வீட்டில் வழக்கம். அவள் வீட்டுக்குள் காட்டவில்லை. நேரே பதர்க் குவியலுக்குப் போனாள். காலால் கோழிகளை விரட்டினாள். சட்டியைக் கீழே வைத்து, குனிந்து மாலையை எடுத்து, நூலைப் பல்லால் கடித்து, ஒரு மணியை உருவி முக்காட்டுத் தலைப்பில் துடைத்தாள். சட்டியைத் தூக்கி வந்து வாப்பாவின் முன்னால் வைத்து, அந்த மணியைத் தணலில் போட்டாள்.

மணி கொஞ்ச நேரம் சும்மா கிடந்தது. பிறகு ஓரம் கறுத்து, உருகி, வெள்ளையாகப் புகை எழும்பியது. ஜெமீலுக்கு மூக்கில் ஏறிய முதல் இழையிலேயே தெரிந்தது. குவைத்தில் அவன் தினமும் உடுத்துப் படுக்கிற மணம்.

கந்தப்போடி மூக்கை உறிஞ்சினார். “எங்கட கோயில்ல குங்கிலியம் போட்ட மாதிரியெல்லோ கிடக்கு.”

“சாம்பிராணிச் சட்டியில சாம்பிராணி மணக்காம வேறென்ன மணக்கும்?” என்றார் ஸாலிஹா.

“சட்டியில இன்னும் சாம்பிராணி போடல்ல மாமி,” என்றாள் நதீரா. “தணல் மட்டுந்தான்.”

சொல்லிவிட்டு வலக்கையை நீட்டினாள். “உங்கட மாலையில இருந்து ஒரு மணி தாங்க.”

கிடாரத்தில் இருந்து எடுத்த மாலையை ஸாலிஹா ஈரத்தோடு கழுத்தில் போட்டிருந்தார். அவர் கை மேலே போய் அதை மூடிக்கொண்டது. கொடுக்கவில்லை. ஏன் கொடுக்கவில்லை என்று அங்கே நின்ற எல்லாருக்கும் தெரிந்தது. சீனிமுகம்மது அக்காவின் முகத்தைப் பார்த்தார். அதில் என்ன கண்டாரோ, உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

“சட்டிய உள்ளுக்குக் கொண்டு போ.”

“வாப்பா, நீங்களே மணந்து பாத்தீங்க.”

“கொண்டு போ எண்டன்.”

ஜெமீலால் பொறுக்க முடியவில்லை. “மாமா, ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்க. பிசின் மணந்ததா, இல்லயா?”

“எனக்குத் தடிமன்,” என்றார் சீனிமுகம்மது.

“என்ன?”

“தடிமன். மூக்கடைப்பு. ஒண்டும் மணக்கல்ல.”

ஜெமீல் கந்தப்போடியின் பக்கம் திரும்பினான். “நீங்க இப்பதானே சொன்னீங்க, குங்கிலியம் எண்டு.”

கந்தப்போடி கிடாரத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “போடியாருக்குத் தடிமன் எண்டா எனக்கும் தடிமன்தான் தம்பி.”

அந்தக் கணத்தில் கிடாரத்தைக் காலால் உதைத்துக் கவிழ்த்துவிட வேண்டும் என்று ஜெமீலுக்குத் தோன்றியது. விதைநெல் முழுக்க மண்ணில் சிந்திக் கிடப்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும். உம்மா அவன் சட்டையைப் பின்னால் இறுக்கிப் பிடித்திருந்தாள். தெரியாதவன் பிழை சொன்னால் எடுத்துச் சொல்லலாம். மூக்கால் மணந்துவிட்டு மணக்கவில்லை என்கிறவனுக்கு எதைக் காட்டுவது?

“மிச்ச மணியக் குடுத்தனுப்பு,” என்றார் சீனிமுகம்மது மகளிடம். “அவங்கட சாமான் நமக்கு வேணா.”

நதீரா வாசற்படியில் நின்றாள். இடக்கையை முக்காட்டுக்குள் வைத்திருந்தாள். “அது பதரோட போயிட்டு வாப்பா. கோழி கொத்திச் சிதறிட்டு. வேணுமெண்டா நீங்களே பொறுக்கிக் குடுங்க.”

அவள் உள்ளே திரும்பும்போது முக்காட்டு ஓரத்தால் விரல்கள் தெரிந்தன. விரல்களுக்கு இடையில் தேன்நிறத்தில் ஏதோ இருந்தது. பார்த்தவன் ஜெமீல் மட்டும்.

கிடாரத்தில் மிதந்த கதை அன்றிரவு இஷாத் தொழுகைக்கு முன்பே கடைத்தெருவுக்குப் போய்விட்டது. தணலில் மணந்த கதை அந்த வளவின் வேலியைத் தாண்டவில்லை. பள்ளிவாசல் பெரியவர்களிடம் போய்ச் சொல்லிப் பார்த்தான். “நீயேதான் உப்புத் தண்ணில போடச் சொன்னியாமே,” என்று ஒருவர் கேட்டார். ‘மெய்தான், ஆனால்’ என்று அவன் தொடங்கியதும் அவர் செருப்பை மாட்டிக்கொண்டார். யாருக்கும் அந்த ‘ஆனாலு’க்குப் பிறகு வருவது தேவைப்படவில்லை. லீவு முடிந்ததும் பெட்டியைக் கட்டிக்கொண்டு குவைத்துக்கு வந்து சேர்ந்தான்.

முன்கதவில் சாவி திரும்புகிற சத்தம் கேட்டது. கடைக்காரர் வந்துவிட்டார். இன்னும் கொஞ்ச நேரத்தில் கூப்பிடுவார். ஜெமீல் கெசட்டைத் தொடக்கத்துக்குச் சுற்றிவிட்டுப் போட்டுப் பார்த்தான். பெயர், வயது, இடம். அது அப்படியே இருக்கட்டும். அது முடிந்த இடத்தில் நிறுத்தி, பதிகிற பொத்தானை அமுக்கினான். பல்லைக் கடித்துக்கொண்டு, தூஷணம் வருகிற இடங்களில் எல்லாம் மூச்சு விட்டு விட்டுப் பேசினான்.

“உம்மா, நீங்க நூல் வாங்கப் போங்க. தலையக் குனியாமப் போங்க. சிரிக்கிறவளுகள் சிரிக்கட்டும். அம்பர் அசல் எண்டு நான் இனி ஒருத்தருக்கும் சொல்லப் போறல்ல. அந்த வளவில நிண்ட எல்லாருக்கும் அது தெரியும். தெரிஞ்சிக்கிட்டுத் தடிமன் எண்டு நிக்கிறாங்க. தடிமன் எண்டவங்களுக்கு மறுமையில மூக்குத் திறக்கும். ஹாஜியானி மாமியில எனக்குக் கோவமில்ல. அவ ஏமாந்தவ. மாமாவில கோவம். அது லேசில போகா. போக வேணுமெண்டு நான் நினைக்கவுமில்ல.

“இந்தக் கெசட்ட ஆரு கேட்டாலும் எனக்கு ஒரே ஒரு உதவி செய்யுங்க. மாமாட்டப் போகாதீங்க, பள்ளிக்கும் போகாதீங்க. நதீராட்டப் போங்க. மிச்ச மணி அவள்ட கையில இரிக்கி, நான் கண்டன். என்னக் கலியாணம் முடிக்க அவளுக்கு விருப்பமா எண்டு கேளுங்க. ஓம் எண்டாலும் சரி, இல்ல எண்டாலும் சரி, அவள்ட வாயால சொல்லச் சொல்லி, கெசட்டுல பதிஞ்சி எனக்கு அனுப்பி வைங்க.”